நாலாம் வார்டின் அடுப்புக் கணக்கு

எங்கள் பேரூராட்சியின் நாலாம் வார்டில் எத்தனை வீடு என்று கேட்டால் நான் சொல்லிவிடுவேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. வரிப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அந்த வீடுகளில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முப்பிடாதிக்குத் தெரியும். பதினான்கு வருஷம் அந்த வார்டில் குப்பை எடுத்தவள் அவள்.

நான் அங்கே பில் கலெக்டர். ஆபீஸ் போர்டில் வரித்தண்டலர் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரில் என்னை இதுவரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. என் பெயர் செண்பகராஜ், வயது ஐம்பத்து மூன்று. ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இரண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது முப்பிடாதியைப் பற்றி எழுதுவது. நான் வருகிற இடங்கள் எனக்குப் பெருமை சேர்க்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முப்பிடாதிக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. அவள் அம்மாவும் இதே ஊரில் தெருக் கூட்டியவள்தான். அம்மாவுக்கு நிரந்தர வேலை, பென்ஷன் எல்லாம் இருந்தது. மகள் வேலைக்கு வரும்போது காலம் மாறிவிட்டது. ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான் ஆள் எடுத்தோம். கழுத்தில் தொங்குகிற அட்டையில் தூய்மைப் பணியாளர் என்று மரியாதையாகப் பெயர் போட்டோம். பெயர் மாற்றுவதற்குச் செலவில்லை பாருங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. புருஷன் லாரியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற வேலை பார்த்து, முதுகெலும்பு நகர்ந்து, வீட்டோடு கிடக்கிறான். ஒரே மகள் இசக்கிச்செல்வி நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், தெருவில் தமிழ்.

காலையில் ஆறு மணிக்கு அவள் விசில் கேட்கும். மற்ற வார்டுகளில் ஆட்கள் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு விசிலடிப்பதோடு சரி, வீட்டுக்காரர்கள்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வரவேண்டும். முப்பிடாதி அப்படி இல்லை. மாடியில் ஆள் இருந்தால் மாடிக்கும் ஏறுவாள். வெளிப்படி, இரும்புப்படி, கைப்பிடி இல்லாத படி எதுவானாலும் ஏறுவாள். பிள்ளை பெற்ற வீடு எது, சர்க்கரை வியாதிக்கு ஊசி போடுகிறவர் யார், யார் வீட்டில் சோறு மிஞ்சுகிறது, யார் வீட்டில் மிஞ்சுவதே இல்லை என்று வாளியைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். கோவில் கமிட்டியில் முன்வரிசையில் உட்காருகிற ஒருவர் வீட்டு வாளியில் பேப்பருக்கு அடியில் தினமும் காலி பாட்டில் இருக்குமாம். அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏனென்றால் ஒரு வீட்டுக் குப்பையை இன்னொரு வீட்டு வாசலில் அவள் பேசியதே கிடையாது. அந்த வார்டு அவளை வாசல்வரைக்கும் விட்டது அதனால்தான்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும்வென்றான் என்ற ஊரில் ஒரு பையன், எலெக்ட்ரீஷியன், கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். ஒப்பந்தச் சம்பளத்தில் கல்யாணம் செய்ய முடியாது என்று அவளுக்கும் தெரியும், வார்டுக்கும் தெரியும். அதனால் வார்டில் ஆளுக்கு ஒன்று ஏற்றுக்கொண்டார்கள். ஒருத்தர் வீட்டில் குத்துவிளக்கு, ஒருத்தர் வீட்டில் மிக்ஸி, கல்யாணப் புடவை எங்களுடையது என்று இரண்டு டீச்சர்மார் சேர்ந்து சொல்லியிருந்தார்கள். என் மனைவி ரேணுகாதேவி ஒரு பித்தளை அண்டா தருவதாகச் சொன்னாள். கடன் வாங்காமல் மகளை அனுப்பிவிடலாம் என்று முப்பிடாதி நம்பியது இந்த வாசல்களை வைத்துத்தான். நான் கெடுத்தது அதைத்தான்.

பேரூராட்சி நிதி நிலைமையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை இவ்வளவுதான் எங்கள் வரவு. இதில்தான் தெருவிளக்குக்கு கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர், ஒப்பந்தக்காரருக்குப் பில் எல்லாம். தெருவிளக்கு ஒரு நாள் எரியாவிட்டால் ஊர் திரண்டு வரும். அப்படி வருகிறவர்களில் பாதிப்பேருடைய மாடி வீடு எங்கள் பதிவேட்டில் இருக்காது. கீழே கட்டும்போது போட்ட வரி, அப்படியே நிற்கும். அப்புறம் மேலே ஒரு போர்ஷன், பின்னால் ஒரு போர்ஷன், பக்கவாட்டில் ஒரு குடோன் என்று முளைத்திருக்கும். கேட்டால், கரிசல் மண் அண்ணாச்சி, சுவரெல்லாம் வெடித்துக் கிடக்கு, இதுக்கு ஒரு வரியா என்பார்கள். வெடித்த சுவருக்கு உள்ளே மாதம் ஐயாயிரம் வாடகை வந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிற என் வீடும் அதே நாலாம் வார்டில்தான் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாடி எடுத்தேன். இரண்டு ரூம், ஒரு சமையலறை. ஒரு பேங்க்காரரும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். பதிவேட்டில் என் வீட்டுக்கு நேரே ‘தரைத்தளம் மட்டும்’ என்று இருக்கும். எழுதியது நான். அடுத்த அரையாண்டில் சேர்த்துவிடலாம் என்று பதினெட்டு அரையாண்டாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஆடி மாதம். எங்களுக்குப் புதிதாக ஒரு செயல் அலுவலர் வந்திருந்தார்கள், சின்ன வயது, கண்டிப்பான அம்மா. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, இந்தப் பேரூராட்சி இன்னும் திறந்திருப்பதே ஆச்சரியம் என்றார்கள். மூன்று மாதத்தில் விடுபட்ட கட்டடங்களையெல்லாம் வரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அதே வாரம்தான் முப்பிடாதியும் இன்னும் நாலைந்து பேரும் இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்று ஆபீஸ் படியில் வந்து நின்றார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வந்தபோது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வீட்டுக்குள் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு போனால் கதவைச் சாத்துவார்கள். மாடியில் யார் என்றால் மச்சினன் வந்திருக்கிறான் என்பார்கள். ஆனால் தனிக் குடித்தனம் என்றால் தனி அடுப்பு, தனி அடுப்பு என்றால் தனி வாளி. மச்சினன் வாளி வைத்துக் குப்பை போடமாட்டான். அந்த வாளிக் கணக்கு முழுதும் முப்பிடாதியின் தலைக்குள் இருந்தது.

மறுநாள் காலையில் அவள் வண்டியை முடித்துவிட்டு வரும்போது டீக்கடையில் நிறுத்தினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்குக் கண்ணாடி கிளாஸ், அவளுக்குப் பேப்பர் கப். கடைக்காரர் கேட்காமலே அப்படித்தான் கொடுத்தார், நானும் பார்க்காத மாதிரிதான் வாங்கிக் கொடுத்தேன். பெரிய மனசுக்காரன் என்ற நினைப்பு வேறு எனக்கு. விஷயத்தைச் சொன்னதும் அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“வீட்டுக் குப்பையை வெளிய பேசக் கூடாதுல்லா அண்ணாச்சி” என்றாள்.

நான் விடவில்லை. வரி வந்தால்தான் உங்களுக்குச் சம்பளம், உன்னோடு சேர்த்து இருபத்தேழு பேர் சம்பளம் இதில் இருக்கிறது என்றேன். இது பொய் இல்லை. உன் பெயர் வெளியே வராது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். இதுவும் சொல்லும்போது பொய் இல்லை. அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், கூட வேலை பார்க்கிற ஒருத்தி சம்பளம் வராமல் கம்மலை அடகு வைத்ததைப் பார்த்துவிட்டு வந்து, சரி என்றாள்.

பதினோரு நாள் ஆனது. தினமும் டீக்கடைக்குப் பின்னால் வேலிக்கருவை நிழலில் நின்று அவள் சொல்லுவாள், நான் டைரியில் எழுதுவேன். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். வண்டியின் பிரேக்கைத் திருகிக்கொண்டே, இந்த வீட்டுல மூணு வாளி, இந்த வீட்டுல ரெண்டு, இங்கன பின்னால ஒரு பொரிகடலைக்காரரு இருக்காரு, தகர டின்னுல போடுவாரு என்று ஒப்பிப்பாள். எங்கள் தெருவுக்கு வந்த அன்று டைரியில் புதுப் பக்கம் திருப்பினேன். என் இடதுபக்கத்து வீட்டைச் சொன்னாள், இரண்டு வாளி. அடுத்து என் வலதுபக்கத்து வீட்டைச் சொன்னாள், ஒரு வாளிதான். நடுவில் இருக்கிற வீட்டை அவள் சொல்லவில்லை. நானும் பேனாவை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனேன். மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் என் மாடிப்படி ஏறி இறங்குகிறவள் அதை மறப்பாளா என்று யோசிக்க அன்றைக்கு எனக்கு வசதிப்படவில்லை.

நாற்பத்தேழு கட்டடம் தேறியது. நோட்டீஸ் அடித்து அனுப்பினோம். ஆவணி முடிவதற்குள் முக்கால்வாசிப் பேர் கட்டிவிட்டார்கள். நிலுவைச் சம்பளம் இரண்டு மாதமும் ஒரே நாளில் போடப்பட்டது. மன்றக் கூட்டத்தில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். செயல் அலுவலர் அம்மா, கள ஆய்வு என்றால் இப்படித்தான் செய்யவேண்டும் என்று மற்ற பில் கலெக்டர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்கள். முப்பிடாதி அப்போது வராந்தாவில் தண்ணீர்க் கேன் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் சால்வையோடு அவளைத் தாண்டித்தான் வெளியே வந்தேன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மந்திரமூர்த்தி அண்ணாச்சி இருக்கிறார். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், மூன்று போர்ஷனுக்கு நோட்டீஸ் வாங்கியவர். அவர் ஒரு வாரம் யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். எந்த ஆபீஸரும் அவர் மாடிக்கு ஏறவில்லை, பின்போர்ஷனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நோட்டீஸில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது. தன் வீட்டு மாடிக்கு வெளியாள் என்று ஏறி இறங்குவது ஒருத்திதான் என்று தெருவில் நின்று சொன்னார். சொன்ன ஒரு நாளில் வார்டு முழுதும் பரவிவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு வாளி வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விசில் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். குப்பையைக் கவரில் கட்டி ஓடையில் வீசினார்கள். “ஆபீஸரம்மா வாராங்க, வாளியை மறைச்சு வையுங்க” என்று ஒரு வீட்டில் சொன்னதை நானே கேட்டேன். அந்த ‘ஆபீஸரம்மா’ அப்படியே ஒட்டிக்கொண்டது, சின்னப் பிள்ளைகள்வரை கூப்பிட்டார்கள். புடவை தருவதாகச் சொன்ன டீச்சர்மார் எதிரே வந்தால் தெருவை மாற்றிப் போனார்கள். முப்பிடாதி தினமும் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டு வாசலிலும் விசிலடித்துக்கொண்டு போனாள். எங்கள் வீட்டில் மட்டும் ரேணுகா வழக்கம்போல வாளியைக் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசி அனுப்புவாள். எங்களுக்கு நோட்டீஸ் வரவில்லை அல்லவா.

புரட்டாசியில் ஆட்சேபணை விசாரணை வைத்தார்கள். பேரூராட்சிக் கூடத்தில் அறுபது எழுபது பேர். வரியைப் பற்றி ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்குள் நுழைந்து உளவு பார்த்தவளை வார்டைவிட்டு மாற்றவேண்டும் என்று கையெழுத்துப் போட்ட மனுவோடு வந்திருந்தார்கள். மந்திரமூர்த்தி அண்ணாச்சிதான் எழுந்து, இவிய கள ஆய்வு பண்ணினது உண்மையா, இல்லை குப்பைக்காரியை வைத்துக் கணக்கெடுத்தார்களா என்று கேட்டார். செயல் அலுவலர் அம்மா என் பக்கம் திரும்பி, தகவல் எப்படி வந்தது செண்பகராஜ் என்றார்கள்.

நான்தான் கேட்டேன், அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள், என் பொறுப்பில் சொல்ல வைத்தேன். இவ்வளவுதான் சொல்லவேண்டியது. மூன்று வாக்கியம். ஆனால் அந்த மூன்றையும் சொன்னால் நாலாவதாக ஒருவன் எழுந்து, அப்போ உங்க மாடி என்ன ஆச்சு அண்ணாச்சி என்று கேட்பான். கூட்டத்தில் என் தெருக்காரர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். “பொதுவா விசாரிச்சதுல தெரிஞ்சது மேடம்” என்றேன்.

வராந்தாவில் நின்ற முப்பிடாதியை உள்ளே கூப்பிட்டார்கள். உன்னை யாராவது சொல்லச் சொன்னார்களா என்று செயல் அலுவலர் அம்மா கேட்டார்கள். அவள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் மேஜைமேல் இருந்த ஃபைலைத் திறந்துகொண்டேன்.

“யாரும் சொல்லச் சொல்லல மேடம். சம்பளம் வரல்லன்னு நானாத்தான் சொன்னேன்.”

மந்திரமூர்த்தி விடவில்லை. எல்லா வீட்டையும் சொன்னியா, இல்லை வேண்டப்பட்டவர்கள் வீட்டை விட்டுட்டியா என்று கேட்டார். தெரிஞ்சது அவ்வளவுதான் ஐயா என்று அவள் சொன்னாள். பொய்யே சொல்லாதவள் எனக்காக இரண்டு பொய் அடுத்தடுத்துச் சொன்னாள். நான் அப்போதும் ஃபைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தெருநாய்க் கருத்தடை ஃபைல்.

கூட்டத்தில் ஒருவர்தான் அவளுக்காகப் பேசினார். பாத்திரக் கடை அப்துல் நாசர். அவருக்கும் குடோனுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. கட்டடம் நம்முது, வரியும் நம்ம கட்டவேண்டியதுதான, அதுக்கு அந்தப் பிள்ளையை நிக்கவச்சுக் கேள்வி கேக்குதது நல்லா இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆபீஸில் சம்பளம் வாங்குகிற நான் சொல்லியிருக்கவேண்டிய பேச்சு அது. வரி கட்டுகிறவர் சொல்லிவிட்டார், நான் குனிந்தபடி கேட்டுக்கொண்டேன்.

அடுத்த நாளே அவளை வார்டிலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்குக்கு மாற்றினார்கள். காகிதத்தில் அதற்கு வளம் மீட்புப் பூங்கா என்று பெயர். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கையால் பிரிக்கிற வேலை. சம்பளம் அதேதான். ஆனால் அங்கே வாசல் கிடையாது, வாசலில் நின்று பேச ஆள் கிடையாது. தீபாவளிக்கு வழக்கமாக அவளுக்கு வார்டில் பலகாரமும் துணியும் கைச்செலவுக்குக் காசும் சேரும். போன தீபாவளிக்கு ஒரு வீட்டிலிருந்தும் வரவில்லை. குத்துவிளக்கும் மிக்ஸியும் புடவையும் பேச்சோடு போயின. கல்யாணத்துக்கு வாரவட்டிக்காரனிடம் கடன் வாங்கியிருக்கிறாள் என்று ஒப்பந்த மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அரையாண்டு வரி நன்றாக வந்ததே, ஒப்பந்தக்காரர் சம்பளமாவது ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டேன். வந்த பணம் மின்வாரியப் பழைய பாக்கிக்குப் போய்விட்டது, மறுபடி ஒரு மாதம் நிலுவை என்றார்.

கார்த்திகையில் ஒரு நாள் கிடங்குக்குப் போனேன். சைக்கிள் போகாத சேறு. கரிசல் மண் செருப்போடு காலைப் பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து முட்டைக்கோஸ் தழையிலிருந்து பாலித்தீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாங்க அண்ணாச்சி என்று எழுந்தாள். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது. எங்கள் மாடியை மட்டும் ஏன் சொல்லவில்லை என்றேன். எனக்கு நன்றிக்கடன் அது இது என்று ஏதாவது சொல்வாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கவேண்டும்.

“அது நீங்க சொல்ல வேண்டியதுல்லா அண்ணாச்சி” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டு எண்ணைத் தவறாகப் படித்த ஆளுக்குச் சரியான எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள். பதினோரு நாள் நான் எழுதியபோது, நானாக என் வீட்டை எழுதிக்கொள்வேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். மழை வருவதுபோல இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்த வாரமே என் மாடியை அளந்து, படிவம் நிரப்பி, பழைய அரையாண்டுகளையும் சேர்த்து வரி போட்டுக் கட்டினேன். செயல் அலுவலர் அம்மா படிவத்தில் பெயரைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்தேன். என் யோக்கியதை எவ்வளவு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சட்டையைத் துவைக்கப் போடும்போது ரேணுகா ரசீதைப் பார்த்துவிட்டாள். இருபத்திரண்டாயிரம் ரூபாய். பில் கலெக்டர் வீட்டுக்கே போடுவார்களா, இவ்வளவு நாள் தெரியாதது இப்போது எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முடிவுக்கு வந்துவிட்டாள். முப்பிடாதிதான் போகிற போக்கில் நம்மையும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள், ஊரே வாளியைக் கொடுக்காதபோது நான் ஒருத்திதானே கொடுத்தேன், எனக்கே செய்துவிட்டாளே என்று அழுதுவிட்டாள். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்குப் பின்னால் விசாரணையையும் சொல்லவேண்டும், ஃபைலையும் சொல்லவேண்டும். என்னை நேர்மையான மனுஷன் என்று தன் தங்கச்சிமாரிடம் பெருமை பேசுகிறவள் அவள். சரி விடு, அவளும் பாவம் என்றேன். யோசித்துப் பாருங்கள். நான் முப்பிடாதியை மன்னித்திருக்கிறேன்.

தை மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை காலை. நான் உள்ளறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வெளி கேட்டில் சத்தம் கேட்டது. விசில் இல்லை, கொண்டியைத் தட்டுகிற சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முப்பிடாதி நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு நின்றிருந்தாள். பக்கத்தில் இசக்கிச்செல்வி. வார்டு முழுதும் பத்திரிகை வைத்துக்கொண்டு வருகிறாள் என்று புரிந்தது. எத்தனை கதவு திறந்ததோ. எங்கள் கதவு திறக்கும் என்று நம்பித்தான் மகளையும் கூட்டி வந்திருக்கவேண்டும். ரேணுகா முற்றத்தில் இருந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

“இன்னும் எங்க வீட்டுல என்னத்த எண்ணிட்டுப் போக வந்திருக்க?” என்று கேட்டாள்.

தெருவில் எதிர்வீட்டு ஆட்கள் நின்றார்கள். இசக்கிச்செல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

“எண்ண வரலக்கா. பிள்ளைக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தேன்” என்றாள் முப்பிடாதி.

பத்திரிகையை ஆபீஸில் கொடுக்கச் சொல்லிவிட்டு ரேணுகா திரும்பிவிட்டாள். எனக்கும் வாசலுக்கும் நடுவில் பதினைந்து அடி இருக்கும். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அறை வாசல்வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது போகலாம், இப்போது போகலாம் என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. கால் நகரவில்லை. தாயும் மகளும் அடுத்த வீட்டு வாசலுக்குக்கூடப் போகாமல் நேராகத் தெருமுனைக்கு நடந்து போய்விட்டார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. ரேணுகா அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், சாயங்காலத்துக்கு. எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, டைரி, எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது, விசாரணை, கிடங்கில் அவள் சொன்ன பதில், மாடியை நானே எழுதிக் கட்டியது. ரேணுகா நறுக்குவதை எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை. சொல்லி முடித்ததும் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள்.

“காலையில நான் அவளை அப்படிக் கேட்டப்போ நீங்க உள்ளதான இருந்தீங்க?” என்றாள்.

“இருந்தேன்” என்றேன்.